ஆனந்த்பூர் சாகிப் தீர்மானம்: பேசித் தீர்த்திருக்கக்கூடிய ஒரு பட்டியலின் கதை

1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டபோது ஆளுநரின் அறிக்கை இல்லாமலேயே அது நடந்தது. அப்போது தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்த சுர்ஜித் சிங் பர்னாலா, கலைக்கச் சொல்லி அறிக்கை அனுப்ப மறுத்துவிட்டார். மாநில ஆட்சியைக் கலைக்க இடம் தரும் அரசியலமைப்பின் 356ஆவது பிரிவில், ஆளுநர் அறிக்கையின் பேரில் 'அல்லது வேறுவகையில்' என்றொரு வாசகம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சந்திரசேகர் அரசு காரியத்தை முடித்தது. பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகாமல் பதவி விலகிவிட்டார்.

தமிழ்நாட்டில் பர்னாலாவை நினைவில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே 356ஆல் பஞ்சாப் முதல்வர் பதவியை இழந்தவர் அவர். இன்னும் பின்னால் போனால், 1972 டிசம்பரில் சீக்கியர்களின் கட்சியான அகாலி தளம் தன் கொள்கைத் திட்டத்தை எழுத அமைத்த 12 பேர் துணைக்குழுவுக்குத் தலைவர். அந்தக் குழுவின் வேலையிலிருந்து பிறந்ததுதான் ஆனந்த்பூர் சாகிப் தீர்மானம். எண்பதுகளில் பத்திரிகை படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் காலிஸ்தான் என்ற தனிச் சீக்கிய நாட்டுக் கோரிக்கைதான் ஞாபகம் வரும்.

அந்த ஞாபகம் எவ்வளவு சரி? தீர்மானத்தை நாட்டைப் பிளக்கும் ஆவணம் என்று டெல்லி சொன்னது. வெறும் மாநில சுயாட்சிக் கோரிக்கைதான் என்று அகாலிகள் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே அரைகுறையாகப் படுகின்றன. ஆற்று நீர், தலைநகரம், எல்லை, வழிபாட்டு உரிமை, பயிர் விலை என்று தனித்தனியாகப் பேசியிருந்தால் பெரும்பாலும் முடிந்திருக்கக்கூடிய விஷயங்கள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. டெல்லி அதிலிருந்து சுலபமானதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடினமானதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. அகாலிகள் எதிர்க்கட்சியாக இருந்தபோது கட்டைக் கையில் எடுத்தார்கள், ஆட்சிக்கு வந்ததும் அலமாரியில் வைத்தார்கள். இடையில் பேச்சுவார்த்தையே வேண்டாம் என்றவர்கள் களத்தைப் பிடித்தார்கள்.

1966 விட்டுவைத்த பாக்கி

மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்ட 1956இல் பஞ்சாபிக்கு மாநிலம் கிடைக்கவில்லை. பஞ்சாபி இந்தியிலிருந்து போதுமான அளவு வேறுபட்டதல்ல, தனி மாநிலத்துக்கு அங்குள்ள மக்களின் பொதுவான ஆதரவும் இல்லை என்று 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் சொல்லிவிட்டது. வீட்டில் பஞ்சாபி பேசிய இந்துக்களில் பெரும்பகுதியினர் 1951, 1961 கணக்கெடுப்புகளில் தாய்மொழி இந்தி என்று எழுதிக்கொடுத்தார்கள். பஞ்சாபி மாநிலம் என்ற பெயரில் சீக்கிய மாநிலம் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம். பயம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல. அகாலித் தலைவர் மாஸ்டர் தாரா சிங் கேட்டதில் மொழியும் மதமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. அவருக்குப் பின் வந்த சந்த் பதே சிங்தான் கோரிக்கையை மொழி அடிப்படைக்குக் கொண்டுவந்து, மற்ற மாநிலங்களுக்குக் கொடுத்ததை எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டார். நேரு கடைசி வரை இசையவில்லை. 1965 பாகிஸ்தான் போருக்குப் பிறகுதான் டெல்லி இறங்கி வந்தது.

1966 நவம்பர் 1 அன்று பஞ்சாப் பிரிந்தது. ஹரியானா உருவானது, மலைப்பகுதிகள் இமாச்சலத்துக்குப் போயின. ஒன்றுபட்ட பஞ்சாபில் மூன்றில் ஒரு பங்காக இருந்த சீக்கியர்கள் புதிய பஞ்சாபில் 1971 கணக்கெடுப்பின்படி சுமார் 60 சதவீதம் ஆனார்கள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் பிரித்த விதம்.

எல்லையை வரைந்த ஷா ஆணையம் எடுத்துக்கொண்ட அடிப்படை 1961 கணக்கெடுப்பு, அதாவது தாய்மொழிப் பத்தியே அரசியலாகிப்போன கணக்கெடுப்பு. ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள் சண்டிகர் அடங்கிய கரர் வட்டத்தை ஹரியானாவுக்குக் கொடுக்கச் சொன்னார்கள், ஒருவர் மாறுபட்டார். டெல்லி யாருக்கும் கொடுக்காமல் சண்டிகரை யூனியன் பிரதேசமாக்கி இரண்டு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகரமாக வைத்துக்கொண்டது. லாகூரைப் பாகிஸ்தானிடம் இழந்த பஞ்சாபுக்காகக் கட்டப்பட்ட நகரம் அது.

இதைவிடப் பெரிய பாக்கி சீரமைப்புச் சட்டத்தின் 78, 79, 80ஆவது பிரிவுகளில் இருந்தது. பக்ரா-நங்கல், பியாஸ் திட்டங்களின் நீரையும் மின்சாரத்தையும் இரு மாநிலங்களும் இரண்டு ஆண்டுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் மத்திய அரசு முடிவு செய்யும் என்று 78ஆவது பிரிவு சொன்னது. தலைமதகுகளின் நிர்வாகமும் மத்திய அரசு அமைக்கும் வாரியத்துக்குப் போனது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். அணையும் மதகும் தன் மண்ணில் இருந்தும் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்பது பஞ்சாப் விவசாயிக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைக் காவிரி படுகைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், இதில் பஞ்சாப் மேல்பக்கத்து மாநிலம். ஹரியானாவையும் ராஜஸ்தானையும் இந்த ஆறுகள் தொடவே இல்லை, அப்புறம் எப்படிப் பங்கு என்று அது கேட்டது.

சண்டிகருக்காக தர்ஷன் சிங் பெருமான் என்ற பழைய விடுதலைப் போராட்டக்காரர் உண்ணாவிரதமிருந்து 74ஆவது நாளில், 1969 அக்டோபர் 27 அன்று உயிர்விட்டார். அடுத்த ஜனவரியில் இந்திரா காந்தி ஒரு முடிவை அறிவித்தார்: சண்டிகர் பஞ்சாபுக்கு, பதிலுக்கு அபோகர், பாசில்கா பகுதி ஹரியானாவுக்கு. அந்தப் பகுதி ஹரியானாவை ஒட்டி இல்லை என்பதால், ராஜஸ்தான் எல்லையோரமாக ஒரு பர்லாங் அகல நிலப்பட்டையால் இணைப்பது என்று திட்டம். அந்த அறிவிப்பு நடைமுறைக்கு வரவே இல்லை.

தாளில் என்ன இருந்தது

1972 தேர்தலில் அகாலி தளம் தோற்றது. ஜெயில் சிங் தலைமையில் காங்கிரஸ் ஆட்சி வந்தது. ஜெயில் சிங்கோ அகாலிகளையே மிஞ்சும் அளவுக்கு மத விழாக்களை அரசு செலவில் நடத்தக்கூடியவர். தன் அடையாளத்தை எதிராளி தூக்கிக்கொண்டு போகிறார் என்ற நிலையில் கட்சி தன்னைப் புதிதாக வரையறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கால்சா, அதாவது தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகம், பிறந்த இடமான ஆனந்த்பூர் சாகிபில் 1973 அக்டோபர் 16, 17 தேதிகளில் செயற்குழு கூடித் தீர்மானத்தை ஏற்றது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து பின்னர் மக்களவைக்கும் போன அறிஞர் கபூர் சிங்கின் கைவண்ணம் அதில் உண்டு என்பார்கள்.

உள்ளே மூன்று வேறு குரல்கள் கேட்கும். முதலாவது மதக் குரல்: சீக்கிய நெறியைப் பரப்புவது, நாடு முழுவதிலும் உள்ள குருத்வாராக்களை ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவருவது, கால்சாவின் கை ஓங்கியிருக்கும்படியான சூழலை உருவாக்குவது. இரண்டாவது கூட்டாட்சிக் குரல்: சண்டிகர், பிஞ்ஜோர், கால்கா, அம்பாலா நகரம், உனா, ஹரியானாவின் சில வட்டங்கள், ராஜஸ்தானின் கங்காநகர் பகுதி வரை பஞ்சாபி பேசும் இடங்களைச் சேர்த்து ஒரே நிர்வாக அலகு, அதில் மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, வெளியுறவு, அஞ்சல்-தந்தி, நாணயம், ரயில்வே மட்டும், மற்றதெல்லாம் மாநிலத்துக்கு. மூன்றாவது விவசாயியின் குரல். நில உச்சவரம்பு, கட்டுப்படியாகும் பயிர் விலை, உணவு தானிய வணிகத்தை அரசே எடுத்துக்கொள்வது, நாடு முழுவதையும் ஒரே உணவு மண்டலமாக்குவது.

மூன்றாவது குரலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அகாலி தளத்தின் முதுகெலும்பு ஜாட் விவசாயிகள். பசுமைப் புரட்சி அவர்களை மத்தியத் தொகுப்புக்குக் கோதுமை கொட்டுபவர்களாக மாற்றியிருந்தது. விளைச்சலின் விலையை டெல்லி நிர்ணயித்தது. உரம், டீசல், மின்சாரம், கால்வாய் நீர் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு முடிவு டெல்லியில் இருந்தது. ஐந்து துறைகள் தவிர மற்றதை எங்களிடம் விடுங்கள் என்ற கோரிக்கைக்குப் பின்னால் வயலின் வரவு செலவுக் கணக்கும் இருந்தது. அதைப் பார்க்காமல் தீர்மானத்தை மதவாதமாக மட்டும் படித்தால் ஏன் இத்தனை கிராமங்கள் அதன் பின்னால் போயின என்பது புரியாது.

மதக் குரலையும் மறைக்கத் தேவையில்லை. ஒரு மாநிலத்தில் 40 சதவீதம் பேர் வேறு மதத்தவர்களாக இருக்கும்போது, அதன் முதன்மைக் கட்சி கால்சாவின் மேலாண்மையை அரசியல் இலக்கு என்று எழுதினால் அந்த 40 சதவீதம் என்ன நினைக்கும்? பஞ்சாபி இந்துக்களிடம் இந்தத் தாளைக் கொண்டுபோய் விளக்க அகாலிகள் உருப்படியாக எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் ராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்ததும், 1974 ஏப்ரலில் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதும் இதே காலகட்டம்தான். அதிகாரங்களைப் பிரிப்பதில் இரண்டுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. ஆனால் ராஜமன்னார் குழுவின் வாதம் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான சட்ட வாதமாக இருந்தது. ஆனந்த்பூர் தீர்மானம் ஒரு சமயச் சமூகத்தின் பெயரில் பேசியது. எதிர்ப்பாளர்களுக்குப் பிடி கிடைத்தது அங்கேதான்.

1978 அக்டோபர் 28, 29 தேதிகளில் லூதியானாவில் நடந்த அகில இந்திய அகாலி மாநாட்டில் திருத்திய வடிவம் 12 தீர்மானங்களாக நிறைவேறியது. முதலாவதைக் கொண்டுவந்தவர் குருசரண் சிங் தோரா, வழிமொழிந்தவர் பிரகாஷ் சிங் பாதல். இதில் மொழி வெகுவாக மாறியிருந்தது. இந்தியா பல மொழி, மதம், பண்பாடு கொண்ட கூட்டாட்சி நாடு, அதற்கேற்ப அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்பது சாரம். எமர்ஜென்சியை அனுபவித்து வந்தவர்கள் எழுதியது. எமர்ஜென்சியை எதிர்த்து 1975 ஜூலையிலிருந்து தொடர்ச்சியாக மறியல் செய்து ஆயிரக்கணக்கில் சிறை சென்ற கட்சி அகாலி தளம்.

இதில் கவனிக்க வேண்டியது அன்றைய நிலைமை. 1978இல் பாதல்தான் முதல்வர், ஜனதா கட்சி கூட்டணியில். டெல்லியிலும் ஜனதா. தீர்மானத்தை அப்போது யாரும் தேசத்துரோகம் என்று சொல்லவில்லை. அகாலிகளும் அதை டெல்லி மேசையில் வைத்து வற்புறுத்தவில்லை. சொல்லப்போனால், பின்னாளில் அவர்கள் உயிரைக் கொடுத்து எதிர்த்த, பஞ்சாபிலிருந்து ஹரியானாவுக்கு நீர் கொண்டுபோகும் சட்லெஜ்-யமுனை இணைப்புக் கால்வாய்க்கு நிலம் எடுக்கும் அறிவிக்கை வந்தது 1978இல், பாதல் ஆட்சியில். 1979இல் 78ஆவது பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் அதே ஆட்சிதான்.

தண்ணீர் தீப்பிடித்தது

1976 மார்ச்சில், எமர்ஜென்சியின் நடுவில், ரவி-பியாஸ் உபரி நீரை மத்திய அரசு பங்கிட்டது. பஞ்சாபுக்கு 35 லட்சம் ஏக்கர் அடி, ஹரியானாவுக்கும் அதே அளவு, டெல்லிக்கு 2 லட்சம். ராஜஸ்தானுக்கு 1955லேயே 80 லட்சம் ஒதுக்கியாகிவிட்டது. 35 லட்சம் ஏக்கர் அடி என்பது நமக்குப் பழக்கமான கணக்கில் சுமார் 152 டி.எம்.சி.

1980இல் மீண்டும் வந்த இந்திரா பஞ்சாப் ஆட்சியைக் கலைத்தார். தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து தர்பாரா சிங் முதல்வரானார். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் மூன்றிலும் காங்கிரஸ் முதல்வர்கள். 1981 டிசம்பர் 31 அன்று மூவரும் பிரதமர் முன்னிலையில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்த நீர் 171.7 லட்சம் ஏக்கர் அடி என்று உயர்த்திக் கணக்கிட்டு, பஞ்சாபுக்கு 42.2 லட்சம் என்றார்கள். பங்கு கூடியிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் விலை என்ன என்று பார்க்க வேண்டும்: உச்ச நீதிமன்றத்தில் இருந்த வழக்கைப் பஞ்சாப் திரும்பப் பெற வேண்டும், கால்வாயைக் கட்டிக்கொடுக்க வேண்டும். நீதிமன்றம் 78ஆவது பிரிவைப் பற்றி என்ன சொல்லியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. கட்சித் தலைமை சொன்னதை மீற முடியாத ஒரு முதல்வர் மாநிலத்தின் வழக்கை விட்டுக்கொடுத்தார் என்றுதான் பஞ்சாப் இதைப் புரிந்துகொண்டது. அந்தப் புரிதல் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1982 ஏப்ரல் 8 அன்று பட்டியாலா மாவட்டத்தின் கபூரி கிராமத்தில் இந்திரா காந்தி கால்வாய் வேலையைத் தொடங்கிவைத்தார். அதே மாதம் அதே ஊரில் அகாலிகள் கால்வாய் மறிப்புப் போராட்டத்தைத் தொடங்கினார்கள்; மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றது. இதுவரை இது ஒரு தண்ணீர்ப் போராட்டம். கபூரியில் கூட்டம் எதிர்பார்த்த அளவு திரளவில்லை. ஆகஸ்ட் 4 அன்று போராட்டத்தை அமிர்தசரஸுக்கு மாற்றி 'தர்ம யுத்த மோர்ச்சா' (அறப்போர்ப் போராட்டம்) என்று பெயர் சூட்டினார் அகாலித் தலைவர் சந்த் ஹர்சந்த் சிங் லோங்கோவால். தன் ஆட்களை விடுவிக்கச் சொல்லி அதற்கு முந்தைய மாதம் தீவிர மதத் தலைவரான பிந்தரன்வாலே தனியாக நடத்திவந்த போராட்டமும் இதில் கலந்தது. தண்ணீர்ப் பிரச்சினையை மத மொழியில் சொன்னால் ஆள் சேரும் என்ற கணக்கு பலித்தது. ஆயிரக்கணக்கில் கைதானார்கள், சிறைகள் நிரம்பின. ஆனால் மோர்ச்சாவின் லகான் லோங்கோவால் கையிலிருந்து நழுவ ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

1981இல் 45 ஆக இருந்த கோரிக்கைகளை அகாலிகள் அதற்குள் 15 ஆகக் குறைத்திருந்தார்கள். பேரத்துக்கு வருபவர்கள் செய்யும் வேலை அது. 1982 நவம்பரில் காங்கிரஸின் மூத்த தலைவர் சுவரண் சிங் இடைநின்று பேசி, உடன்பாடு கைக்கெட்டும் தூரத்தில் வந்து முறிந்தது. உடனே ஆசிய விளையாட்டுப் போட்டி. டெல்லியில் அகாலிகள் ஆர்ப்பாட்டம் செய்யலாம் என்று சொல்லி, ஹரியானா வழியாகப் போன சீக்கியர்களையெல்லாம் பஜன் லால் அரசின் போலீஸ் இறக்கிச் சோதித்தது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் தப்பவில்லை. 1971 போரில் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதியை ஏற்ற ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோராவும் அப்படி மறிக்கப்பட்டவர்களில் ஒருவர். தீர்மானத்தைப் படித்தே இராத சீக்கியர்கள் கூட அந்தக் குளிர்காலத்தில் அகாலிகள் சொல்வது சரிதான் போலிருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

1983 பிப்ரவரியில் இந்திரா காந்தி மதம் சார்ந்த கோரிக்கைகளை ஏற்பதாக அறிவித்தார். பொற்கோயில் கீர்த்தனையை ஜலந்தர் வானொலியில் ஒலிபரப்புவது, உள்நாட்டு விமானத்தில் குறிப்பிட்ட நீளத்துக்குள் கிர்பான் (சீக்கியர்கள் அணியும் குறுவாள்) எடுத்துப்போக அனுமதி, கோயிலைச் சுற்றிப் புகையிலைக் கடைகளுக்குத் தடை. அடுத்த மாதம் மத்திய-மாநில உறவுகளை ஆராய நீதிபதி ரஞ்சித் சிங் சர்க்காரியா தலைமையில் ஆணையம் என்று அறிவிப்பு வந்தது. தண்ணீரும் சண்டிகரும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஹரியானாவிலும் ராஜஸ்தானிலும் ஓட்டு போய்விடும் என்ற பயம் இதற்குப் பெரிய காரணம். விளைவு விபரீதமாக இருந்தது. மதமாகக் கேட்டால் கிடைக்கும், மாநிலமாகக் கேட்டால் கிடைக்காது என்ற பாடத்தை டெல்லியே சொல்லிக்கொடுத்தது.

அதற்குள் துப்பாக்கி பேச ஆரம்பித்துவிட்டது. 1983 ஏப்ரலில் போலீஸ் டி.ஐ.ஜி. அட்வால், தானே ஒரு சீக்கியர், பொற்கோயிலில் வணங்கிவிட்டு வெளியே வரும்போது வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில் தில்வான் அருகே பேருந்திலிருந்து இந்துப் பயணிகள் பிரித்தெடுத்துக் கொல்லப்பட்டார்கள்; மறுநாள் குடியரசுத் தலைவர் ஆட்சி. இந்தக் கொலைகளை லோங்கோவால் கண்டித்தார். ஆனால் கொலைகாரர்கள் ஒளிந்திருந்த வளாகத்திலிருந்தே அவரும் மோர்ச்சா நடத்திக்கொண்டிருந்தார், அவர்களை வெளியேற்ற அவரால் முடியவில்லை. 1984 பிப்ரவரியில் அகாலித் தலைவர்கள் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவின் நகலைக் கொளுத்தினார்கள். இந்து என்ற சொல்லில் சீக்கியர், சமணர், பௌத்தரும் அடங்குவர் என்று அங்கே ஒரு விளக்கம் இருக்கிறது. அந்த விளக்கம் கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிடும் உட்பிரிவுக்கு மட்டுமே பொருந்தும்; சட்டப்படி அதற்கு மேல் வீச்சு கிடையாது. ஆனாலும் இந்துத் திருமணச் சட்டம் சீக்கியர்களுக்கும் பொருந்திய நிலையில், தனி மதம் என்ற அங்கீகாரத்துக்கு அது இடறலாகவே பார்க்கப்பட்டது. எரிப்பதற்குப் பதில் திருத்த மசோதாவுக்கு ஆதரவு திரட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் தீவிரவாதிகளோடு போட்டியிட வேண்டிய கட்டாயம் அகாலிகளுக்கு.

ஜூன் முதல் வாரம், தீவிரவாதிகளை வெளியேற்றப் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த புளூ ஸ்டார் நடவடிக்கை. ஐந்தாம் குருவின் நினைவு நாளுக்காகப் பக்தர்கள் கூடியிருந்த நேரம். அரசின் வெள்ளை அறிக்கைப்படி ராணுவத்தினர் 83 பேரும் மற்றவர்கள் 493 பேரும் இறந்தார்கள். இறந்தவர்கள் இதைவிடப் பல மடங்கு என்பதே சீக்கியர்களின் கணக்கு. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். தொடர்ந்து டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. டிசம்பர் தேர்தலில் ராஜீவ் காந்தியின் மேடைகளில் ஆனந்த்பூர் சாகிப் தீர்மானம் நாட்டைத் துண்டாடும் சதியாக ஆகியிருந்தது. எத்தனை மேடைக்காரர்கள் அதைப் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கையெழுத்தும் கெடுவும்

அதே ராஜீவ், ஏழு மாதம் கழித்து, 1985 ஜூலை 24 அன்று லோங்கோவாலோடு ஒப்பந்தம் போட்டார். பதினொரு அம்சங்கள். தீர்மானம் முழுக்க முழுக்க இந்திய அரசியலமைப்புக்கு உட்பட்டது என்று அகாலி தளம் கூறுவதாக ஒப்பந்தத்திலேயே பதிவானது. அதன் கூட்டாட்சிப் பகுதியை சர்க்காரியா ஆணையத்துக்கு அனுப்புவது என்று முடிவானது. சண்டிகரைப் பஞ்சாபிடம் ஒப்படைக்கக் கெடு 1986 ஜனவரி 26. விவசாயிகள் 1985 ஜூலை 1 அன்று பயன்படுத்திய நீருக்குக் குறையாமல் கிடைக்கும், மீதியைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும், கால்வாய் 1986 ஆகஸ்ட் 15க்குள் முடியும்.

லோங்கோவால் ஒரு மாதம் கூட உயிரோடு இல்லை. ஆகஸ்ட் 20 அன்று சங்ரூர் மாவட்டத்து ஷேர்பூர் குருத்வாராவில் ஒப்பந்தத்தை விளக்கிப் பேசிவிட்டு அமர்ந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்படியிருந்தும் பஞ்சாப் மக்கள் செப்டம்பர் தேர்தலில் திரளாக வந்து ஓட்டுப்போட்டு, ஒப்பந்தத்தை ஆதரித்த அகாலி தளத்துக்கு 73 இடங்களைக் கொடுத்தார்கள். வன்முறை வேண்டாம், பேசித் தீர்ப்போம் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆணை கிடைக்காது. பர்னாலா முதல்வரானார்.

சண்டிகருக்கு ஈடாக ஹரியானாவுக்குக் கொடுக்க வேண்டிய இந்தி பேசும் கிராமங்களைக் கண்டுபிடிக்க நீதிபதி மேத்யூ தலைமையில் ஆணையம் அமைந்தது. கிராமத்தை அலகாக வைத்து, மொழியும் நிலத்தொடர்ச்சியும் பார்க்க வேண்டும் என்பது விதி. அபோகர்-பாசில்கா பகுதியை ஹரியானாவோடு சேர்ப்பதற்குக் குறுக்கே கந்துகேரா என்ற ஒரே ஒரு கிராமம் நின்றது. அதில் பஞ்சாபி பேசுகிறவர்கள் அதிகமா, இந்தி பேசுகிறவர்கள் அதிகமா என்று கண்டுபிடிக்கத் தனிக் கணக்கெடுப்பு நடந்தது. இரு மாநில அரசியல்வாதிகளும் அந்தச் சின்ன ஊரில் போய்க் குவிந்தார்கள். ஊர் பஞ்சாபி என்று சொன்னது. தொடர்ச்சி அறுந்தது, ஆணையம் கையை விரித்தது, ஜனவரி 26 வந்தது, போனது. அதற்குப் பிறகு வெங்கடராமையா ஆணையம், தேசாய் ஆணையம். வெங்கடராமையா 70,000 ஏக்கர் தரலாம் என்றார். எந்த 70,000 என்பதில் மீண்டும் இழுபறி. சண்டிகரை முதலில் கொடுத்துவிட்டு ஈட்டைப் பிறகு பேசியிருக்கலாம். ஹரியானாவில் 1987இல் தேர்தல் இருந்தது, தேவி லால் ஒப்பந்தத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியிருந்தார். ராஜீவுக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த ஜனவரி 26 அன்றே அமிர்தசரஸில் தீவிரவாதிகள் சர்பத் கால்சா என்ற பேரவையைக் கூட்டினார்கள். சண்டிகர் கிடைத்திருந்தால் அந்தக் கூட்டத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? ஏப்ரல் 29 அன்று காலிஸ்தான் பிரகடனம் வந்தது. மறுநாள் பொற்கோயிலுக்குள் போலீஸை அனுப்பினார் பர்னாலா. அதைக் காரணம் காட்டிப் பாதலும் தோராவும் உடைத்துக்கொண்டு போனார்கள். காங்கிரஸ் தயவில் பர்னாலா நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்தார். 1987 மே 11 அன்று அவருடைய ஆட்சியையும் கலைத்தார்கள். ஹரியானா வாக்காளருக்கு உறுதியைக் காட்ட எடுத்த முடிவு என்று அப்போதே பேச்சு. ஜூனில் ஹரியானாவின் 90 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது ஐந்து. பஞ்சாபில் 1992 பிப்ரவரி வரை குடியரசுத் தலைவர் ஆட்சி. கொலைகள் மிக அதிகமாக நடந்த ஆண்டுகள் அவை. போலீஸ் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பாதவர்களின் கணக்கு இன்றும் முடியவில்லை.

ஒப்பந்தப்படி நீரைப் பங்கிட அமைந்த எராடி தீர்ப்பாயம் 1987இல் பஞ்சாபுக்கு 50 லட்சம், ஹரியானாவுக்கு 38.3 லட்சம் ஏக்கர் அடி என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு அரசிதழில் வெளியாகவே இல்லை. சர்க்காரியா அறிக்கையும் வந்தது. மத்திய அரசை ஐந்து துறைக்குள் அடக்கும் யோசனையை அவர் ஏற்கவில்லை. வலுவான மத்திய அரசு தேவை, 356ஐ அரிதாகப் பயன்படுத்துங்கள், மாநிலங்களுக்கிடையிலான மன்றத்தை அமையுங்கள் என்றார். மன்றம் 1990இல் அமைந்தது. 356க்கு உருப்படியான கடிவாளம் போட்டது 1994இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. கால்வாய்? 1990 ஜூலையில் அதன் தலைமைப் பொறியாளரையும் இன்னொரு மூத்த பொறியாளரையும் சண்டிகர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்ற பிறகு வேலை நின்றது. அதன்பின் அது நீதிமன்ற வழக்காக மட்டும் ஓடுகிறது. 2004இல் அமரிந்தர் சிங்கின் காங்கிரஸ் அரசு பழைய நீர் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் ரத்து செய்து சட்டம் போட்டது. அது செல்லாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1981 ஒப்பந்தத்தை எழுதிய கட்சியின் அரசே அதை ரத்து செய்தது என்பது பஞ்சாப் அரசியலின் வேடிக்கைகளில் ஒன்று.

அலமாரியில்

1996 மோகா மாநாட்டில் அகாலி தளம் சீக்கியக் கட்சி என்பதிலிருந்து பஞ்சாபிகளின் கட்சி என்று தன்னை அறிவித்துக்கொண்டு பா.ஜ.க.வோடு கைகோத்தது. பஞ்சாப் இந்துக்களின் அச்சத்துக்கு மருந்து என்ற வகையில் அந்தக் கூட்டணி உண்மையிலேயே பலன் தந்தது. அமைதி திரும்பியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் வலுவான மத்திய அரசே கொள்கை என்று வைத்திருக்கும் கட்சியோடு கால் நூற்றாண்டு இருந்துகொண்டு ஆனந்த்பூர் தீர்மானத்தை எப்படிப் பேசுவது? பேசவில்லை. வாஜ்பாய் ஆட்சியில் கேட்கவில்லை, மோடி ஆட்சியிலும் கேட்கவில்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரின் 370ஆவது பிரிவை முடக்கி, ஒரு மாநிலத்தையே யூனியன் பிரதேசங்களாக உடைத்த மசோதாவுக்கு நாடாளுமன்றத்தில் அகாலி தளம் ஆதரவாக ஓட்டுப் போட்டது. மாநிலங்களுக்கு ஐந்து துறை தவிர எல்லாம் வேண்டும் என்று எழுதிய கட்சி. அடுத்த ஆண்டு வேளாண் சட்டங்கள் வந்து விவசாயிகள் கொதித்தபோதுதான் அகாலி தளத்தின் மத்திய அமைச்சர் ஹர்சிம்ரத் கவுர் பாதல் பதவி விலகி, கட்சி கூட்டணியை விட்டது. கூட்டாட்சி மறுபடி நினைவுக்கு வந்தது. வாக்காளர்கள் நம்பவில்லை; 2022 தேர்தலில் 117இல் மூன்று இடங்கள்.

பண்பாட்டுக் கோரிக்கைகளின் கணக்கு கொஞ்சம் தேவலை. ஆனந்த் திருமணச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டு, சீக்கியத் திருமணங்களை அதன் கீழேயே பதிவு செய்ய வழி வந்தது. 25ஆவது பிரிவின் விளக்கத்தை நீக்கலாம் என்று நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியலமைப்பு ஆய்வு ஆணையம் 2002இல் பரிந்துரைத்தது. விளக்கம் இன்னும் இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே குருத்வாரா சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நேர் எதிராகப் போய் முடிந்தது. ஹரியானா 2014இல் தன் மாநிலத்துக்குத் தனிக் குழு அமைத்துச் சட்டம் போட்டது, 2022இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 1925 சட்டத்தின் கீழ் குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியின் அதிகார எல்லை அகலமாவதற்குப் பதில் சுருங்கியது. கமிட்டியை ஒரு குடும்பத்தின் கைக்குள் வைத்திருந்ததற்கு அகாலித் தலைமை கொடுத்த விலையும் அதில் சேர்ந்தது.

சண்டிகர் இன்றும் யூனியன் பிரதேசம்தான். பஞ்சாப் ஆளுநரே அதன் நிர்வாகி. அங்குள்ள அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசுப் பணி விதிகள் பொருந்தும் என்று 2022 மார்ச் இறுதியில் அமித் ஷா அறிவித்தார். ஏப்ரல் 1 அன்று பஞ்சாப் சட்டமன்றம் அவசரமாகக் கூடி, சண்டிகரை உடனே ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கொண்டுவந்தது பதவியேற்று இரண்டு வாரமே ஆகியிருந்த பகவந்த் மானின் ஆம் ஆத்மி அரசு. அகாலி உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். நான்கு நாள் கழித்து ஹரியானா சட்டமன்றம் கூடியது. சண்டிகரில் தன் உரிமையை வலியுறுத்தி, கால்வாய்த் தண்ணீரையும் இந்தி பேசும் கிராமங்களையும் கேட்டு அது எதிர்த் தீர்மானம் நிறைவேற்றியது.